பூஜ்ஜியத்துக்கு ஒரு நாற்காலி

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்காக நடக்கும் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. 'மூன்றாம் வகுப்புக்கு இடமதிப்பும் எண்களை ஒப்பிடுதலும்: எளிய செயல்பாடுகள்' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். மகிழ்ச்சியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், இடமதிப்பு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பொழிச்சலூரில் ஒரு கிரவுண்டு நிலம் என்ன விலை போகிறது என்பது மட்டுமே என்று உறைத்தது.

தெரியாததைச் சொல்லித்தர ஒரு டீச்சரை உருவாக்கினேன். பெயர் ஜெய்னப். அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் டீச்சர் என்றால் பள்ளிக்கூடம் வேண்டும், பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் வேண்டும், கட்டடம் என்றால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும். அந்தச் சொந்தக்காரர் உள்ளே வந்ததும் கட்டுரை கெட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பழைய எண் 112, புதிய எண் 7 என்று பலகை மாட்டிய வீட்டின் முன்னால் ஜெய்னப் நின்றாள். இதில் எது பெரியது என்று பிள்ளைகளைக் கேட்டால்—" [விட்டுவிட்டேன். சென்னைக் கதவிலக்கத்தை வைத்துக் கணக்குச் சொல்லித்தந்தால் பிள்ளைகள் உருப்பட மாட்டார்கள். கூரியர் பையன்களே இன்னும் தேறவில்லை.]

இரண்டாவது: "பொழிச்சலூர் வானத்தில் தாழப் பறந்த விமானம்—" [விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால், பொழிச்சலூர் என்று எழுதினாலே விமானத்தைக் கூட்டிவந்துவிடுகிறோம். அங்கே குடியிருப்பவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.]

மூன்றாவது நேராக வந்து உட்கார்ந்தது. ஜெய்னப் பொழிச்சலூரில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் பெற்றோர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏதாவது பள்ளியின் வாசலில் நிற்க வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு பள்ளிகளில் இப்படித்தான் ஆனது. வாசலில் நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

3

அவளுடைய முறை எளிமையானது. தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போடுவாள்: ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. இலக்கம் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக் கட்டத்துக்கு ஒருவராக நிறுத்துவாள். நிற்பதை மற்றவர்கள் சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஒன்பது அட்டைக்கு அடிதடி நடந்தது. பூஜ்ஜியத்தை யாரும் சீந்தவில்லை. அட்டை கொடுத்த நேரத்தில் ஒன்றுக்குப் போயிருந்த உதயாவின் தலையில் அது விழுந்தது. திரும்பி வந்து பார்த்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜெய்னப் அவளை நூறு என்ற கட்டத்தில் நிறுத்தினாள். 3 0 6 1. மூவாயிரத்து அறுபத்தொன்று என்று வகுப்பு கத்தியது. பிறகு உதயாவை மட்டும் வெளியே இழுத்துவிட்டு மற்றவர்களை நெருங்கி நிற்கச் சொன்னாள். முந்நூற்று அறுபத்தொன்று. மறுபடி உள்ளே விட்டாள், மறுபடி மூவாயிரம்.

"பாத்தியா உதயா? நீ பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். உன் இடத்துல நின்னா போதும். நீ இல்லன்னா இந்த மூணு கீழ வந்துடும்."

உதயா மூன்றைப் பார்த்தாள். மூன்று என்பவன் அக்தர், வகுப்பிலேயே பெரிய ரவுடி. அவனை ஆயிரத்தில் நிறுத்துவதும் நூற்றுக்கு இறக்குவதும் தன் கையில் இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளும் பூஜ்ஜியமே வேண்டும் என்று கேட்டு வாங்கினாள்.

ஒப்பிடுவதற்கும் இதே ஏற்பாடுதான். இரண்டு அணிகளை எதிரெதிரே நிறுத்த வேண்டும். முதலில் எந்த எண்ணில் இலக்கம் அதிகம் என்று பார். அது சமமாக இருந்தால் இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வா. அவ்வளவுதான்.

(பத்திரிகை ஆசிரியருக்கு: நீங்கள் கேட்ட செயல்பாடு இத்துடன் முடிந்தது. இங்கேயே வெட்டி அச்சுக்கு அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்லை. கதை படிக்கிறவர்கள் மட்டும் மேலே வாருங்கள்.)

4

ஜெய்னப் செய்த ஒரே அசட்டுக் காரியம், அந்த வகுப்பைப் போட்டோ எடுத்து மூன்றாம் வகுப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டது. நடுவில் உதயா, கழுத்தில் முழுநிலவு மாதிரி பூஜ்ஜியம், வாயெல்லாம் பல். படம் அங்கிருந்து கைமாறி, அடுத்த அரை மணி நேரத்தில் உதயாவின் அப்பா தீனாவுக்கு அவருடைய மச்சான் போன் செய்து, ஸ்கூல் கட்டி வாடகைக்கு விட்டவன் பெண்ணே ஜீரோவா என்று கேட்டுச் சிரித்தார்.

தீனாவின் குடும்பம் அந்த ஊரின் பூர்வ குடி. ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது அபார்ட்மெண்டுகளும் ஒரு கல்யாண மண்டபமும் இந்தப் பள்ளிக்கூடமும் விளைந்திருக்கின்றன. அந்த வட்டாரத்தில் எந்த விழா நடந்தாலும் அவர் வருவாரோ மாட்டாரோ, முன்னால் ஒரு நாற்காலி தனியாகப் போட்டு வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர் மறுநாள் காலை தாளாளர் அறையில் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னா டீச்சர், ஊர்ல இவ்ளோ நம்பர் கீது. எம் பொண்ணு கழுத்துல மாட்ட உங்களுக்கு ஜீரோதான் கெடச்சிச்சா?"

ஜெய்னப் பொறுமையாக விளக்கினாள். பூஜ்ஜியம் இடத்தைக் காப்பாற்றுகிறது, அது இல்லாவிட்டால் ஆயிரமே நிற்காது என்றாள். தீனாவும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவ்ளோ முக்கியம்னா, வேற யாராவது பெத்த புள்ளைக்கு மாட்டுங்க."

தீனாவுக்குச் சின்ன வயதில் கணக்குப் பரீட்சையில்— [வேண்டாம். எரிச்சல் மூட்டும் ஆளுக்கெல்லாம் சின்ன வயதுச் சோகம் ஒன்றை மாட்டிவிடும் பழக்கத்தை நிறுத்தப் பார்க்கிறேன். அந்த மனிதருக்கு உதயா என்றால் உயிர். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தார். இதற்கு முன்கதை எதற்கு?]

தாளாளர் ஸ்ரீநிவாசராகவன் வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். தினமும் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து பள்ளியை நடத்துகிறவர். யாருக்கும் நோகாமல் எதையும் முடித்துவைப்பதில் கெட்டிக்காரர். பெற்றோர் முன்னால் நடக்கும் பாடத்தில் உதயா ஆயிரத்தில், ஐந்தாக நிற்கட்டும் என்றார். தீனாவின் முகம் மலர்ந்தது. பூஜ்ஜியத்துக்கு யாரை நிறுத்துவது என்று ஜெய்னப் கேட்டாள். யார் வீட்டுப் பிள்ளையை நிறுத்தினாலும் இன்னொரு தீனா வருவார்.

"ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதுல அட்டையை வெச்சுடுங்கோம்மா. நாற்காலிக்கு அப்பா அம்மா கிடையாது பாருங்கோ."

ஜெய்னபுக்குக் கோபம் வந்தது. அதைவிட, 'சரி சார்' என்று சொல்லிவிட்ட தன் வாயின் மேல் வந்த கோபம் பெரியது. ஐந்து அட்டையை வாங்கிக்கொண்ட உதயா, பூஜ்ஜிய அட்டை எங்கே என்று கேட்டாள்.

0

(இந்த எண்ணில் ஒரு பகுதி இருந்தது. அதில் ஒன்றுமில்லை. அதற்காக எடுத்துவிடக் கூடாது என்று ஜெய்னப் சொல்லிவிட்டாள்.)

5

பெற்றோர் கூடிய விழா நாளில் பந்தல்காரர் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். விருந்தாளிகள் நடப்பதற்காக முன்பக்கம் முழுவதும் சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டார். ஜெய்னப் காலையில் வந்து போட்ட சாக்பீஸ் கட்டங்கள் அதன் அடியில் போய்விட்டன. கம்பளத்தின் மேல் கோடு விழாது. போகட்டும், நாற்காலி இருக்கிறதே, அது இடத்தைக் காட்டும் என்று தேற்றிக்கொண்டாள்.

முதல் அணி: உதயா 5, நாற்காலி 0, அக்தர் 7, ஜெனி 2. எதிரணியில் இரம் 9. அவளுக்குப் பக்கத்தில் 8, 3. ஒன்பதில் தொடங்கினாலும் மூன்று இலக்கம் நான்கு இலக்கத்திடம் தோற்றுப்போகும் என்று காட்டுவதுதான் பாடம். ஜெய்னப் மைக்கை இடுக்கிக்கொண்டு இரமின் அட்டைக் கயிற்றைச் சரி செய்யக் குனிந்தாள்.

அந்த நேரத்தில் தீனா தாமதமாக உள்ளே வந்தார். பந்தலில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. முன்னால், கம்பளத்தின் மேல், பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வழக்கம்போலத் தனக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? பாவம், பிள்ளைகளை மறைக்கக் கூடாதே என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்ப் போட்டு உட்கார்ந்தார். அதிலிருந்த அட்டையை அவர் கவனிக்கவில்லை.

வரிசையில் ஓட்டை விழுந்ததும் பி.டி. மாஸ்டருக்குக் கை துறுதுறுத்தது. வருஷம் முழுக்கக் காலைப் பிரார்த்தனையில் அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், வரிசையில் இடைவெளி விடக் கூடாது என்பது. தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். உதயா பழக்க தோஷத்தில் ஓரடி நகர்ந்து அக்தரை ஒட்டி நின்றுவிட்டாள்.

ஜெய்னப் நிமிர்வதற்குள் வகுப்பு படித்து முடித்துவிட்டது: ஐநூற்று எழுபத்திரண்டு. எதிரணி: தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. இரண்டிலும் மூன்று இலக்கம், இடது கோடியில் ஐந்தைவிட ஒன்பது பெரியது. சொல்லிக்கொடுத்த முறையைப் பிள்ளைகள் அச்சுப் பிசகாமல் பின்பற்றினார்கள். இரம் குதித்தாள். தாளாளர் கைதட்டினார். எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியவர் தீனா. ஐயாயிரமாக இருந்த தன் பெண்ணை ஐநூறாக இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவள் ஒருத்திதான். ஜெய்னப் பக்கத்தில் வந்ததும் உதயா மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், ஜீரோ மேல அப்பா குந்திகினு கீறாரு."

6

இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. ஜெய்னப் மைக்கில் உண்மையைச் சொல்கிறாள். தீனா எழுந்து, கலங்கிய கண்ணோடு, "மன்னிச்சிக்குங்க டீச்சர்" என்கிறார். பந்தலே எழுந்து நிற்கிறது. [எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.]

ஆ. ஐநூற்று எழுபத்திரண்டைவிட தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று பெரியது, எல்லோரும் கைதட்டுங்கள் என்கிறாள். இதில் ஒரு பிழையும் இல்லை. எந்தக் கணக்கு வாத்தியாரும் மார்க் குறைக்க முடியாது. மாலையில் நிரந்தர உத்தரவு கைக்கு வருகிறது. உதயா மட்டும், தான் சரியாகப் புரிந்துகொண்ட ஒன்றை மிஸ்ஸே இல்லையென்று சொல்லிவிட்டார் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிறாள். இதை எழுதியபோது ஜெய்னப் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது.

இ. "சார், நீங்க எந்திரிக்க வேணாம். நாற்காலியோட அப்படியே வரிசைக்கு வந்துடுங்க" என்று கூப்பிடுகிறாள். 5, தீனா, 7, 2. ஐயாயிரத்து எழுபத்திரண்டு. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிறகுதான் தோன்றியது: ஜோக் என்னுடையது, வேலை அவளுடையது. நான் இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவளை வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

7

நான் இப்படி மென்று முழுங்கிக்கொண்டிருக்கும்போது உதயா நகர்ந்தாள்.

நான் நகர்த்தவில்லை. எந்த வரைவிலும் அது இல்லை. அக்தரை ஒட்டி நின்றவள் ஓரடி விலகி, முன்பு நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் நின்றாள். நடுவில் மறுபடி ஓட்டை. பி.டி. மாஸ்டர் கையை ஆட்டினார். அவள் பார்க்கவில்லை. தீனா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "கேப் வுடாத பாப்பா, உள்ள வா" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். அக்தர் தானாக அவள் பக்கம் ஒட்டப் பார்த்தான். அவள் கையை நீட்டி அவன் நெஞ்சில் வைத்துத் தடுத்தாள்.

"வராத. இங்க ஆள் கீது."

பந்தலில் சிரித்தார்கள். அவள் அழப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் அழவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"எண்ணை நீங்களே ஒருதரம் படிச்சு முடிச்சுடுங்கோம்மா. டீ ஆறிண்டிருக்கு" என்றார் தாளாளர். ஜெய்னப் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். உதயா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐநூறு என்றால் வேலை உண்டு. ஐயாயிரம் என்றால் நடுவில் என்ன இருந்தது, இப்போது அது எங்கே, அதன் மேல் யார் என்று சொல்லித்தான் தீர வேண்டும். இவ்வளவு தூரம் ஜெய்னபைக் கொண்டுவந்து நிறுத்தியது நான். அவள் வாயில் சொல்லைப் போடும் தைரியம் எனக்கு இல்லை. பிள்ளைகள் நிற்பதை நின்றபடியே கீழே எழுதிவிடுகிறேன். மைக் உங்களிடம் இருக்கிறது. மனதுக்குள் படிப்பது கணக்கில் சேராது, சத்தமாகப் படியுங்கள்.

5         7    2