தவுட்டுக்கு வாங்கிய பேர்

இருபத்துமூன்று வயது வரை என் பேர் தவுட்டுராஜுலு. அதற்குப் பிறகுதான் சென்னகிருஷ்ணன்.

எனக்கு முன்னால் அம்மா லட்சுமியம்மாளுக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு மாதம் தாண்டவில்லை. இரண்டுக்கும் பெருமாள் பேராகப் பார்த்து வைத்திருந்தார்கள். மூன்றாவதாக நான் பிறந்ததும், இது வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்கப் பார்த்தார்கள். கோவை உக்கடத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் ரசாக் என்பவர் ஜட்கா வண்டிகளுக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாஜிதா பேகத்திடம் என்னைக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய மகள் சித்திகா அப்போது கைக்குழந்தை. அவளுக்குக் கொடுத்த பாலை மூன்று நாள் எனக்கும் கொடுத்தார். நாலாம் நாள் அம்மா ஒரு படி தவிட்டை அளந்து கொடுத்து என்னைத் திரும்ப வாங்கி வந்தாள். தவிட்டு விலைக்குப் போகும் பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டானாம்.

வெறும் தவுடு என்றால் பள்ளிக்கூடத்தில் நன்றாக இருக்காதென்று அப்பா கூடவே ராஜுலுவைச் சேர்த்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது பின்பெஞ்சிலிருந்து மாடு கத்தும். குப்பன், பிச்சை என்ற பேர்கள் தெருவுக்கு நாலு இருந்ததால் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. என் பேர் இன்னொருவருக்கு இருந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு படி தவிட்டைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது.

சாஜிதாம்மா மட்டும் "தவுடு கண்ணு" என்பார். அவர் வாயில் அது வேறு பேராக இருந்தது.

மில் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்த வருஷம், கெஜட்டில் அறிவிப்புக் கொடுத்துப் பேரை மாற்றிக்கொண்டேன். அடுத்த வருஷம், அறுபத்திரண்டில், பெருந்துறைப் பக்கம் பெண் அமைந்தது. பெண் ராமாமணி. அவளுடைய அப்பா வரதராஜுலு பருத்தி அரவை மில் வைத்திருந்தவர். பழைய பேரை யாரும் எடுக்கக்கூடாதென்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். சாஜிதாம்மாவுக்கு நான் பத்திரிகை கொடுக்கவில்லை. அம்மா எனக்குத் தெரியாமல் போய் வாயால் அழைத்திருந்தாள்.

தாலி கட்டி முடிந்து மாமனார் பக்கத்தில் நின்றிருந்தேன். சாஜிதாம்மா சித்திகாவோடு பஸ்ஸில் வந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கையில் துணியில் கட்டிய பித்தளைச் செம்பு.

"தவுடு கண்ணு, என்ற கண்ணே பட்டுருமாட்ட இருக்குது."

மாமனார் திரும்பினார். "யாருங்க மாப்பிள்ளை இவங்க? என்ன பேரச் சொல்லிக் கூப்புடறாங்க?"

"பக்கத்துத் தெருக்காரங்க மாமா. வேற யாரோன்னு நெனச்சுட்டுப் பேசறாங்க" என்றேன்.

சித்திகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாஜிதாம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாங்க," என்றார் மாமனாரிடம். "இப்பெல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. ஆள் மாறிப்போச்சு. மன்னிச்சுக்கோங்க."

செம்பை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சாப்பிடாமல் போயிருந்தால் நாலுபேர் ஏனென்று கேட்டிருப்பார்கள். அதையும் எனக்காக யோசித்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பொய்யோடு மூன்று மாதம் ஓட்டினேன். ரசாக் வீட்டுத் தெரு வழியாகப் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாமணி என் பள்ளிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை எல்லாஞ் சொன்னாங்க. அன்னைக்கு வந்தவங்கதானுங்க உங்களுக்குப் பால் குடுத்தவங்க?"

தலையை ஆட்டினேன்.

"அவங்களையா தெரியாதுன்னீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ரசாக் வீட்டில் என்றைக்கும் நான் தரையில் உட்கார்ந்துதான் பழக்கம். அன்றைக்குச் சாஜிதாம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார்.

"வாங்க தம்பி. ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

அந்த 'ங்க' என்னை உட்காரவிடவில்லை. "நான் பொய் சொல்லிப்போட்டேன்," என்றேன்.

"தெரியுமுங்க. நானுந்தான் சொன்னேன். எனக்கு ஊசி கோக்கற கண்ணு இன்னும் இருக்குது."

"பழையபடி கூப்புடுங்க."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திப் போட்டார். கோபம் தெரியவில்லை. "அது உங்க ஆயுசுக்கு வெச்ச பேரு. ஆயுசு கெடச்சிருச்சு. நீங்களே வேண்டாம்னு எறக்கி வெச்சதை நான் எடுத்து உங்க மேல வெக்கலாமுங்களா?"

டீ கொடுத்தார். குடித்தேன்.

அடுத்த வாரம் பெருந்துறைக்குப் போய், மாமனாரிடம் அந்தப் பேர் என்னுடையதுதான் என்பதையும், அது வந்த விதத்தையும், அன்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேருல என்னுங்க இருக்குது. அந்தம்மாவை நிக்க வெச்சுப் பேசுனோமே, அதுதான் தப்பு" என்றார். தானே உக்கடத்துக்கு வந்து அந்தம்மாவைப் பார்த்து ஒரு சேலையும் கொடுத்தார்.

சாஜிதாம்மா வாங்கிக்கொண்டார். ராமாமணியோடு சிரித்துப் பேசினார், என் மகன் பிறந்தபோது முதல் ஆளாக வந்து குளிப்பாட்டினார். என்னை மட்டும் கடைசிவரை "வாங்க தம்பி" என்றேதான் அழைத்தார்.