அடுப்பில் மீந்த சூடு

சிரிய எல்லையை ஒட்டிய மஃப்ரக்கில், அந்த அரசுப் பெண்கள் பள்ளியில் காலையில் ஊர்ப் பெண்கள் படித்தார்கள். மதியத்துக்கு மேல் அதே பெஞ்சுகளில் சிரியாவிலிருந்து அகதிகளாக வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள்.

குளிர்காலத்தில் காலை வகுப்பு முடிந்ததும், வகுப்பறையைச் சூடாக்கும் அடுப்பில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை வகுப்புத் தலைவி அரீஜ் கேனில் இறக்கிப் படிக்கட்டுக்கு அடியில் பூட்டிவிடுவாள்.

"நம்ம எண்ணெய்ல அவங்க எதுக்குக் குளிர் காயணும்?" என்று தோழிகள் ஆரம்பித்தது, நாளடைவில் வழக்கமாகிவிட்டது.

அன்று மறந்துபோன சால்வையை எடுக்க அரீஜ் திரும்பி வந்தாள். அவள் இடத்தில், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சிரியப் பெண் ஜூத் இருந்தாள். போன வாரம் இறந்த தன் அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தாள். விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை. மற்ற பெண்கள் அணைந்த அடுப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"வாடி அரீஜ். சால்வையை யாரும் மிதிக்காம எடுத்து வச்சேன்," என்றாள் ஜூத்.

"அடுப்பு எரியலையா?"

"எங்களுக்கு ஏது எண்ணெய்? ஆனா உங்க கிளாஸ் பொண்ணுங்க தங்கம்டி. கிளம்புற வரைக்கும் எரிய விட்டுட்டுப் போறாங்க. அந்தச் சூடு முதல் பீரியட் தாங்கும்."

"அப்புறம் நாங்க எல்லாரும் இவ அப்பா கோட்டுக்குள்ள குடியேறிடுவோம்," என்றாள் ஒருத்தி. ஜூத்தும் சேர்ந்து சிரித்தாள்.

அரீஜ் கீழே போய்க் கேனைத் தூக்கி வந்தாள்.

"ஏதுடி இது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். "வாட்ச்மேன் குடுத்தாரு," என்றுதான் வந்தது.

ஜூத் அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். "உங்க அப்பாவை ஆண்டவன் உனக்கு ரொம்ப காலம் வச்சிருக்கட்டும்."

அரீஜ் குனிந்து, கேனிலிருந்த எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை அடுப்பில் ஊற்றினாள்.