சுமை கடந்த பிறகு

விளையாட்டு செய்வதற்கு அடிப்படையாக இருக்கும் மென்பொருளை அவர்கள் எஞ்சின் என்பார்கள். எந்த எஞ்சின் என்று முடிவு செய்ய என் கணவர் இசக்கிராஜும் அவருடைய நண்பன் ராஹிலும் எங்கள் தாராவி வீட்டின் மாடி அறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சண்டை போட்டார்கள். மூன்று ஞாயிறும் டீ போட்டது நான். அதனால் அந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

ராஹில் திலக் நகர்க்காரன். நன்றாகத் தமிழ் பேசுவான், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. இவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். இருவரும் அந்தேரியில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் செய்த மொபைல் விளையாட்டுகளில் பிழை தேடும் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் சொந்தமாக ஒன்று செய்யலாம் என்று தோன்றியிருக்கிறது.

இவர் நினைத்து வைத்திருந்த விளையாட்டு எளியது. சந்துக்குள் இருக்கும் அடுக்களையிலிருந்து இட்லி அண்டாவைத் தலையில் ஏற்றி, சூடு ஆறுவதற்குள் மெயின் ரோட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதிலிருந்து பத்து வருஷம், இட்லி விற்ற தன் அம்மாவுக்காக அவர் செய்த வேலை அது. "அண்டா மட்டும் இல்லன்னா நான் இன்னும் ரெண்டு இஞ்ச் வளந்திருப்பேன் செல்வி" என்பார்.

இவருக்குப் பிடித்தது இலவசமாகக் கிடைக்கும் ஒரு எஞ்சின். ராஹில் சொன்ன எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெரிய சந்தையே இருந்தது. மரம், மழை, நாய், கூட்டம் எல்லாம் யாரோ செய்து விற்பனைக்கு வைத்திருப்பார்கள்; வாங்கிப் பொருத்திக்கொண்டால் போதும்.

"எல்லாத்தையும் நீயேதான் செய்வியா? உங்க அம்மா இட்லி போடுறதுக்குக் கிரைண்டரையும் அவங்களே செஞ்சாங்களா?" என்றான் ராஹில்.

"கிரைண்டர் வாங்கினோம்ல. மாவு வாங்கலையே."

"அரே, ஊரே இப்ப பாக்கெட் மாவுதான்!"

"அந்தப் பாக்கெட்ட வாங்கித் தின்னுட்டுத்தான் நீ எங்க வீட்டு இட்லிக்கு ஞாயித்துக்கெழம ஓடி வார."

நான் சிரித்துவிட்டேன். ராஹிலும்தான். கடைசியில் எஞ்சின் ராஹில் சொன்னதே ஆனது. கூட்டத்தை நடத்தும் கருவி ஒன்றையும் அவனே வாங்கி வந்தான்.

அடுத்த வாரம் அதைப் பொருத்திக் காட்டினார்கள். திரையில் எங்கள் சந்து. நான்கடி அகலம், மேலே தொங்கும் வயர்கள், ஓரத்தில் சாக்கடைப் பலகை எல்லாம் அப்படியே இருந்தன. எதிரெதிரே இரண்டு பேர் வந்தார்கள். நின்றார்கள். பின்னால் வந்தவரும் நின்றார். ஒரு நிமிஷத்தில் சந்து முழுக்க ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்த்தபடி, ரேஷன் கடை வரிசைபோல.

அந்தக் கருவி ஒவ்வொரு ஆளையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறது, ஒருவர் வட்டத்துக்குள் இன்னொருவர் வர முடியாது என்று ராஹில் எனக்கு விளக்கினான். "கல்லிய எட்டு அடி ஆக்கிட்டா சரியாயிடும்." சந்துக்கு இங்கே கல்லி என்று பெயர்.

"அகலமாக்கவா? அதுக்குத்தான் பில்டர்காரன் நம்ம வீட்டயெல்லாம் இடிக்க சர்வே எடுத்துக்கிட்டுத் திரியுதானே. எங்க கல்லில எவனுக்குல வட்டம் இருக்கு?" என்றார் இவர்.

அன்று அந்தக் கருவியைக் கழற்றினார். தானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவருக்கு எட்டு மாதம் ஆனது. காலையில் சந்தில் எதிரே வருகிறவரை எல்லாம் போனில் படம் பிடித்தார். என்னைக் குடத்தோடு முன்னும் பின்னும் நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஷர்மிளா, "செல்வி, உன் வீட்டுக்காரர் உன்ன சீரியல்ல போடப் போறாரா?" என்று கேட்டாள். இதற்கிடையில் புனேயில் நடந்த ஒரு விளையாட்டுக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய நாள் தாண்டிப் போனது. ராஹில் கோபித்துக்கொண்டு ஒன்றரை மாதம் வரவில்லை.

ஜூலையில் இவர் சயான் ஸ்டேஷனிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சிறுநீரகம் கெட்டிருந்தது. ஆறாவது நாள் போய்விட்டார். முப்பத்துமூன்று வயது.

எங்கள் சந்தில் நான்கு பேர் தோள்கொடுத்து நடக்க முடியாது. மெயின் ரோடு வரைக்கும் ஸ்ட்ரெச்சரில், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிப் போனார்கள். நான் மாடி அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நிறைகுடத்தோடு வந்த ஒரு பெண் குடத்தை இறக்காமலே ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றாள். அதற்குப் பிறகு நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம் ராஹில் வந்தான். லேப்டாப்பைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். என்னை அவன் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவான்.

"பாபி, பெங்களூர்ல ஒரு கண்காட்சி இருக்கு. நம்ம விளையாட்ட எடுத்துக்கிட்டாங்க. செவ்வாய்க்குள்ள அனுப்பணும்."

"அனுப்பேன்."

"ஓட மாட்டேங்குது. குழாயடி திருப்பத்துல எல்லாரும் சுவர்ல ஒட்டி நின்னுடுறாங்க, அப்புறம் நகர்றதே இல்ல. இசக்கி பாய் எழுதினது எனக்குப் புரியல." தலையைக் குனிந்துகொண்டான். "அந்தப் பழைய கருவிய மறுபடி போட்டு, கல்லிய எட்டு அடி ஆக்கினா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். நீங்க சரின்னு சொல்லாம நான் செய்ய மாட்டேன்."

"அவரு இருந்தப்ப இடிக்க முடியல. இப்ப இடிக்க வந்திருக்கியா?"

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவனும் இரண்டு வருஷத்தை இதில் போட்டிருக்கிறான்.

"என்ன புரியலன்னு காட்டு" என்றேன்.

திரையில் ஆங்கிலத்தில் ஏதேதோ வரிகள். நடுநடுவே, குறியீட்டைப் படிக்கிறவருக்காக எழுதி வைக்கும் குறிப்புகள் எல்லாம் தமிழில், எங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தன. போனில் மொழிபெயர்த்துப் பார்த்ததில் தலையும் வாலும் தெரியவில்லை என்றான் ராஹில். ஐந்து மாதமாக நான் கேட்காத குரல் அது. முதலில் எனக்குள் வாசித்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன்.

"வெறுங்கையோட வாரவன் சுவத்துல ஒட்டணும்."

"ஹாங், அது வேலை செய்யுது."

"பொம்பளையாளு கடக்கும்போது ஆம்பள சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிடணும்."

"அதுவும் சரி."

"ரெண்டு பேருகிட்டயும் சுமை இருந்தா, படிக்குப் பக்கத்துல நிக்கவன் படியேறணும். செல்வி மட்டும் ஏற மாட்டா. சண்டைக்கு வருவா."

ராஹில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இது நிஜமா எழுதியிருக்கா, நீங்க சொல்றீங்களா?"

"எழுதியிருக்கு."

அதற்கும் கீழே ஒரே வரி. "சுமைய எறக்குற வரைக்கும் ஒதுங்குனவன் நிக்கணும்."

ராஹில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதுதான் பாபி. குழாயடில எல்லார் கையிலயும் குடம். ஒருத்தர் எறக்கட்டும்னு இன்னொருத்தர் நிக்கிறாங்க. யாருமே எறக்க மாட்டாங்க." பிறகு குழப்பத்தோடு கேட்டான். "ஆனா இப்படி ஏன் எழுதினாரு? கல்லில யாரு அவ்ளோ நேரம் நிக்கிறா?"

எனக்கு உடனே தெரிந்தது. அண்டா தலையில் இருப்பவரால் திரும்பிப் பார்க்க முடியாது. பத்து வருஷம் அவர் முன்னால் ஒதுங்கியவர்களை மட்டும் பார்த்திருக்கிறார். பின்னால் என்ன நடந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தான் மெயின் ரோட்டில் அண்டாவை இறக்கும்வரைக்கும் எல்லோரும் தனக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். படம் பிடித்தபோதும் முன்னால் வருகிறவர்களைத்தான் பிடித்தார்.

நான் பார்த்திருக்கிறேன். அன்று ஏணியிலிருந்து பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் ஒவ்வொரு ஆளாகக் கடந்தது. கடந்ததும் முதுகுகள் சுவரை விட்டன. படியேறி நின்றவள் இறங்கி நடந்தாள். ஒருவன் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அவர் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் சந்து மூடிக்கொண்டது. அதற்காக அந்த ஆட்களை ஐந்து மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்களில் பலர் அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்கள்.

"நிக்க மாட்டாங்க ராஹில். சுமை அவங்களக் கடந்ததும் நடந்துருவாங்க" என்றேன்.

"பக்கா?"

"நான் பாத்தேன்."

அவன் அந்த வரியை மாற்றினான். அவர் எழுதிய குறிப்பை அழிக்க வேண்டாம், கீழே இருக்கட்டும் என்றேன். சரி என்றான். சந்து நான்கடியாகவே இருந்தது. அவன் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு நம்பர் போடணும் பாபி. கடந்து போனதுக்கப்புறம் எத்தன செகண்ட் நிப்பாங்க?"

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அரை செகண்ட்கூட இருந்திருக்காது.

"ஒண்ணு" என்றேன்.

ஒன்று என்று போட்டுவிட்டு ஓடவிட்டான். குழாயடித் திருப்பத்தில் அண்டா வந்தது. எல்லோரும் சுவரோடு ஒட்டினார்கள். அண்டா கடந்தது. அந்த ஒரு செகண்ட் நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.