மெர்வின் இறுக்கிய குழாய்

வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரமாகியிருந்தது. சமையல், துணி துவைப்பு, கோழிக்குத் தீனி, எல்லாவற்றையும் இடது கையாலேயே சமாளித்துவிட்டேன். ஷவரின் வெந்நீர்க் குழாய்தான் எனக்கு எமனாக வாய்த்தது. என்ன திருகினாலும் அசையவில்லை. கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து வாளியில் ஊற்றிக் குளித்தேன். அதை என் வாயாலேயே தம்பி மெர்வினிடம் ஃபோனில் உளறித் தொலைத்தேன்.

"ஒரு குழாயத் திருக முடியல, நீ எப்படிக்கா தனியா இருப்ப? இங்க பெண்டிகோ டவுன்ல, எங்க தெருவுலயே முதியோர் குடியிருப்பு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஃபார்மோட வர்றேன். பேசாம கையெழுத்துப் போடு."

"அதுக்குள்ள நானே திருகிக் காட்டிட்டா?"

"காட்டிட்டா ஃபார்மக் கிழிச்சுப் போட்டுடு. ஆனா பிளம்பரக் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் செம்மறி ஆட்டுக் கம்பளி வெட்டும் கொட்டகைகளில் இருபது ஆண்களுக்குச் சமைத்துப் போட்டு, அத்தனை பேரையும் அதட்டி உட்கார வைத்தவள் நான். பக்கத்து அறையில் எவனாவது தும்மினால் கேட்கிற இடத்தில் போய் நான் இருப்பதா? செத்தாலும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மழைநீர்த் தொட்டியின் மோட்டாரை நிறுத்தினேன். ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடி, குழாயில் நின்ற தண்ணீரை வடித்தேன். வெண்ணெய்க் கத்தியால் சிவப்பு மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றி, கைப்பிடியை உருவினேன். உள்ளே ஒரே உப்புப் பொருக்கு. மழையில்லாத இரண்டு வருடம் ஆழ்துளைத் தண்ணீரைக் கலந்த புண்ணியம். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

சனிக்கிழமை ஸ்பேனரைப் போட்டேன். வழுக்கியது. மறுபடி போட்டேன், விரல் முட்டியில் தோல் உரிந்தது. நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. பிறகு ஷெட்டிலிருந்து ஒரு முழ இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் பிடியில் செருகி, இடுப்பைக் கொடுத்து அழுத்தினேன். கிறீச்! விட்டுக்கொடுத்தது!

பித்தளைத் தண்டு கைக்கு வந்தது. அதன் நுனியிலிருந்த ரப்பர் வாஷர், யாரோ மென்று துப்பியது போல நசுங்கிக் கிடந்தது. பார்த்ததுமே விளங்கிவிட்டது. மழைத்தண்ணீரை நம்பி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. சொட்டு வீணாகக் கூடாது, மணிக்கட்டு வலிக்கும்வரை மூடு என்று அப்பா பழக்கிவிட்டார். கை முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் இங்கே தங்கிக் குளித்தவன் மெர்வின். கம்பளி மூட்டை தூக்கிய கை அவனுடையது. அட பாவி!

பொருக்கைச் சுரண்டிப் புது வாஷர் போட்டேன். பழக்கதோஷத்தில் கை, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கம்பளிக் கொழுப்பு டப்பாவுக்குப் போனது. எங்கள் ஊரில் கதவுக் கீல் முதல் பூட்ஸ் வரை அதுதான். ரப்பருக்கு ஆகாதே என்று உறைக்கவும் சட்டென்று நிறுத்தி, குழாய்க்கென்றே விற்கிற கிரீஸைத் தடவி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெர்வின் சட்டைப்பையில் ஃபார்மோடு வந்தான். குழாயைத் திருகிவிட்டேன் என்று நான் சொன்னதும் நேரே குளியலறைக்குள் போய், ஷவருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"உண்மையச் சொல்லு. எந்தப் பிளம்பர் வந்தான்?"

"அங்கேயே நில்லு, சொல்றேன்."

முறிந்த கையின் இரண்டு விரலை வெந்நீர்க் குழாயில் வைத்துத் திருகினேன். வழுக்கிக்கொண்டு திறந்தது. வெந்நீர் வருவதற்கு முன் வருகிற பச்சைத்தண்ணீர் முழுவதும் அவன் தலையில் கொட்டியது.

"ஐயோ, குளிருது! மூடுக்கா!"

"நீயே மூடுடா."

இரண்டு கையாலும் பிடிக்கப் போனான். புறங்கையில் ஒன்று போட்டேன்.

"ரெண்டு விரல்! உடும்புப்பிடி பிடிச்சு இதக் கெடுத்ததே நீதான். இன்னொரு தரம் இறுக்கின, தொலைச்சுடுவேன்."

இரண்டு விரலால் மூடினான். தண்ணீர் நின்றது. இருவரும் ஷவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

"நானாக்கா இறுக்கினேன்?" என்றான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட முகத்தோடு.

"பின்ன, கோழியா?"

சட்டைப்பையிலிருந்து ஃபார்மை எடுத்தான். அது கூழாகி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"கிழிக்கக்கூட முடியாது போலிருக்கே," என்றான்.

பச்சைத்தண்ணீர் வீணாகாமலிருக்க எப்போதும் ஷவருக்கு அடியில் வைக்கிற வாளி பாதி நிறைந்திருந்தது.

"அந்தக் கூழையும் இந்த வாளியிலயே போட்டு, எலுமிச்சை மரத்துக்கு ஊத்திட்டு வா. நான் குளிக்கணும்."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் கதவைச் சாத்தி, இரண்டு விரலால் வெந்நீரைத் திறந்தேன்.