ஏழாவது குப்பி

வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் நாத்தனார் ஸ்தோய்னா கொட்டிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் தேங்கிய தண்ணீர் இருக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். வாளி, கெட்டில், பூச்சாடி, எல்லாம் கவிழ்ந்தன. உள்ளறையில் புருஷன் அஸ்பாருக்கின் உடம்புக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த நெவெனாவுக்கு ஒவ்வொரு சத்தமும் கேட்டது.

பிறகு கண்ணாடி உரசும் சத்தம். பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

சமையலறை ஜன்னலோரம் அவருடைய ஏழு குப்பிகள். சோப்புத் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்திலேயே ஆயுசைக் கழித்த மனுஷன், ஓய்வு பெற்றும் விடவில்லை. ஏழிலும் ஒரே அளவு சோப்பும் தண்ணீரும்; கொழுப்பு அமிலம் மட்டும் குப்பிக்குக் குப்பி கொஞ்சம் கூட. முதல் ஆறும் தண்ணீராய் ஓடும், ஏழாவது மட்டும் உறைந்து நிற்கும் என்று அடித்துச் சொன்னார். தொழிற்சாலையில் ஒருத்தரும் நம்பவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு தினமும் காலையில் அதே கேள்விதான்.

"நெவெனா, கெட்டியாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

இன்று காலை மூச்சு இழுக்கும்போதும் அதையே கேட்டார். அவர் கையை விட்டு எழுந்துபோய்ப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆயிடுச்சுங்க," என்றாள்.

அவர் புருவம் தளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஆறு குப்பிகள் காலியாய்க் கிடந்தன. நாத்தனார் கையில் ஏழாவது, மூடி திறந்து.

"அக்கா, அதை விடுங்க!"

"ஏன்டி, இதுலயும் தண்ணிதானே? நூத்துக்கு எண்பது பங்கு தண்ணின்னு அவனே பீத்திப்பான். சின்ன வயசுல குளிக்கக் கூப்பிட்டா பின்வாசல் வழியா ஓடுவான். பெரியவனாகி சோப்பைக் கட்டிக்கிட்டு அழுதான்." சொல்லும்போதே ஸ்தோய்னாவின் குரல் உடைந்தது. குப்பியைத் தொட்டியில் தலைகீழாய்க் கவிழ்த்தாள்.

நெவெனா கண்ணை மூடிக்கொண்டாள். காது மட்டும் காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"என்னடி இது, விழமாட்டேங்குது!"

ஸ்தோய்னா உதறினாள். அடியில் தட்டிப் பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி நீட்டினாள்.

"இது தண்ணி இல்ல. நீயே வச்சுக்கோ."

நெவெனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் தலைமாட்டில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், குப்பியைத் தலைகீழாகவே நிறுத்தினாள். விட்ட பொத்தானைப் போட்டாள். அடுத்ததைப் போட்டாள்.

குப்பியில் வெள்ளை மேலேயே நின்றது. அதற்குக் கீழே வெறும் காற்று.