தொடாத கை

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அவள் டிங்கரிங் பட்டறைக்குள் நுழைந்தாள். புருஷன் ஒரு கார் கதவைத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒடுக்கையும் உள்ளங்கையாலேயே கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கதவுக்கு இருக்கும் கொடுப்பினை இரண்டு வருஷமாகப் பெண்டாட்டிக்கு இல்லை.

"குளிக்கறப்ப அக்குள்ல என்னமோ தட்டுப்பட்டுது. தொட்டுப் பாருங்க."

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டர்தான் சொன்னாரே."

"அவர் சொன்னது போன தடவை. நான் சொல்றது இன்னிக்குக் காலையில."

"அடுத்த மாசம் செக்கப் இருக்கில்ல? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

பழமொழிக்கு மட்டும் குறைச்சலில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் சொந்தபந்தங்களும் இப்படித்தான் ஆளுக்கொரு ஆறுதலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போனார்கள். அவளுக்குத்தான் ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு முதுகுவலியும் எமன் அனுப்பிய ஆளாகத் தெரிந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அவன் எமரி பேப்பரை எடுத்துக் கதவைத் தேய்க்க ஆரம்பித்தான். அவள் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"தகரத்தைத் தடவத் தெரியுது, என்னைத் தொட மட்டும் அருவருப்பா இருக்கா? அறுத்தெடுத்த உடம்புன்னா கசக்குதா?"

"வாயை அடக்குடி!" என்று கத்தினான். "மொத கட்டியைக் கண்டுபிடிச்சது எது? இந்தக் கைதான். ஆசையாத் தொட்ட கைடி. அன்னிக்கு நான் தொடாம இருந்திருந்தா..."

"செத்திருப்பேன்."

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இத்தனை நாளும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, கையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் பயந்திருக்கிறான், கோழை. அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தானும் தனியாகப் பயந்து, அவளையும் தனியாகப் பயப்பட விட்டிருக்கிறான்.

ஷட்டரை இழுத்து இறக்கினாள். "அக்குள்ல எந்த இடம்னு சொல்ல மாட்டேன். நீயே தேடு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். விரல்கள் மெல்ல ஊர்ந்தன. தாண்டிப் போய்விடு, தாண்டிப் போய்விடு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாண்டின. பிறகு திரும்பி வந்து, காலையில் அவள் தொட்ட அதே இடத்தில் நின்றன.

"ஒன்னுமில்ல," என்றான். விரலை எடுக்கவில்லை.

"பொய் சொல்லாத," என்றாள். "சட்டையை மாத்திட்டு வண்டியை எடு. இந்தப் பெயின்ட் நாத்தத்தோட ஆஸ்பத்திரிக்கு வராத."