ஒரு முழம் மழைக்காடு

தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டுப் பாதை வழுக்குகிறது, தேய்த்துக் கழுவு என்பதுதான் கனகாம்பிகைக்குச் சொல்லப்பட்ட வேலை. பாதையைத் தேய்க்கச் சொன்னால் பாதையோடு நிற்கிற ஆளா அவள்? பிளேஸ்டோவில் தன் வீட்டு வாசலைக் கூட்டினால் அடுத்த வீட்டு வெள்ளைக்காரியின் வாசலையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறவள். தோட்டத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பிரஷில் அவளுக்கு நம்பிக்கையே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு உடைத்த தேங்காய்களின் குடுமித் தும்பு நாரை மாதக்கணக்கில் சேர்த்து, உருட்டிக் கட்டி, 1988 ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பாதை பத்து மணிக்கே பளிச்சென்று ஆகிவிட்டது. பாதையோரம் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் விரற்கடைத் தடிப்பில் பாசி. இவ்வளவு பெரிய தோட்டம் வைத்திருக்கிறார்கள், ஒரு கட்டையைக் கழுவ நாதியில்லையே என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே அதையும் தேய்த்தாள். நுனியில் ஒரு முழம் மிச்சமிருந்தபோது லெட்சுமணன் உள்ளே வந்தார்.

மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பதினைந்து வருடமாக இந்தக் கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பு. கட்டையைப் பார்த்தார். பிறகு போட்டிருந்த காற்சட்டையோடு ஈரப் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். வேலையில் மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் பதினொரு நாள். அதற்குள் ஒரு பிழை விட்டாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"பாசிதானே சேர்?" என்றாள் மெல்ல.

அவர் கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். "மிச்சம் இருக்கிறதைப் பாருங்கக்கா. கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு, கிட்டப் போங்க. இன்னும் கிட்ட."

முழங்காலில் நின்று குனிந்தாள். முதலில் பச்சைக் கலங்கலாக இருந்தது. மூச்சை அடக்கியதும் தெளிந்தது. ஐயோ, இது என்ன! மரங்கள். ஆயிரக்கணக்கில், கிளை விரித்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு துளி தண்ணீர், துளிக்குள் தலைகீழாகக் கண்ணாடிக் கூரை. நடுவே கறுத்த நரம்பும் பச்சைக் கண்ணாடி போன்ற இலையுமாக ஒரு பன்னம், குட்டிப் பெரணி. வெளிச்சம் அதன் உடலுக்குள்ளாலேயே போய்வந்தது. கடுகிலும் சின்னதாக ஒரு நத்தை, கொம்பிரண்டையும் நீட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள்ளே ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கனகாம்பிகைக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை அல்ல அது.

"இது மழைக்காடுக்கா. வேல்ஸ் நாட்டு மேற்குக் கரையில இருந்து வந்தது. புயல்ல விழுந்த ஓக் மரத்தோட கிளை."

"இந்தக் குளிருக்குள்ளையும் மழைக்காடோ?"

"ஆமா. நம்ம ஊர்க் காட்டை அண்ணாந்து பார்க்கணும். இதைக் குனிஞ்சு பார்க்கணும். பாசிக்கு வேர் கிடையாது, உடம்பாலேயே தண்ணி குடிக்கும். அந்தப் பன்னம் மட்டும் இவ்வளவு பரவ முப்பது வருஷம் ஆகியிருக்கும்."

அவள் தன் கையிலிருந்த தும்பைப் பார்த்தாள். அதைப் பிடிக்கவே கூசியது. குழாயடி மூலையில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் போட்டாள்.

"வியாழக்கிழமை தோட்டத்துப் பெரிய மேடம் வர்றாங்க. தண்ணிப் பைப் வெடிச்சுப் பாசியை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். உங்க பேரு வராது," என்றார் லெட்சுமணன்.

நல்ல மனுசன். அவள் தலையை ஆட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆனால் நாலு நாளும் அந்த நத்தை அவளை விடவில்லை.

வியாழக்கிழமை லெட்சுமணனை வாசலிலேயே மறித்தாள். "அவ்வளவு சீவனையும் வழிச்சுப்போட்டுப் பைப்பிலை பழியைப் போடுறதோ? எனக்கு ஏலாது அண்ணை. நானே சொல்லுறன்."

தோட்டத்துப் பொறுப்பாளரான மேடம் நரைத்த தலையோடு கட்டையின் முன்னால் நின்றார். "ஐ வாஷ், மேடம். மீ," என்றாள் கனகாம்பிகை. அவளிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். மேடம் வழித்த கட்டையை விரலால் தடவினார். அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல் கனகாம்பிகை கண்ணைத் திருப்பினாள். குழாயடியில் அந்தத் தும்பு கிடந்தது. பச்சையாக.

ஓடிப்போய் எடுத்தாள். நார்களுக்குள் சிக்கிய பாசித் துணுக்கெல்லாம் நீரை இழுத்து நிமிர்ந்திருந்தன. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள். மேடம் லென்ஸோடு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கனகாம்பிகையின் கைகளைப் பிடித்து இழுத்து, தும்பை மொட்டைக் கட்டையின்மேல் வைத்து அழுத்தினார். அப்படியே பிடித்திரு என்று சைகை காட்டிவிட்டு, கட்டுவதற்கு நூல் தேடி வெளியே போனார். "ஒட்டிப் பிடிச்சா திரும்பப் படரும்க்கா," என்றார் லெட்சுமணன்.

மறுநாள் வேலைக்கு வரவேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. கனகாம்பிகை முழங்காலில் நின்று, முழங்கை வரை தண்ணீர் வழிய வழிய, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.